நங்கூரமும் வாசற்படியும்

கோவில்பட்டியில் இருந்துகொண்டு தோணியைப் பற்றி எழுதுவதா என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். நம் ஊர் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை தவறினால் கண்மாயில் ஆடு மேயும். வைப்பாறு என்று பெயர் பெற்ற ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து சாத்தூரைக் கடந்து கடலை நாடுகிறது. இத்தகைய கரிசற் காட்டில் வாழும் நமக்கு நங்கூரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வினவினால், அது நியாயமான வினாவே. ஆயினும் சென்ற ஆண்டு ஒரு வழக்கு நம் வாயிற்படி தேடி வந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான், நம் கரிசலுக்கும் கடலுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதை நாமும் உணர்ந்தோம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊரொன்றில் நமக்கு மைத்துனர் முறையுடைய ஒருவர் இருக்கிறார். அரபு நாட்டில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியவர். பாட்டனார் விட்டுச் சென்ற மனையில், கடலை நோக்கி வீடு கட்டினார். அவ்வீட்டின் முன்னே, கைவிடப்பட்ட தோணி ஒன்று பாதி மணலில் புதைந்து கிடந்தது. அதன் விலாப்பலகையில் உள்ளூர் மீனவர் தம் வள்ளங்களைக் கயிறு போட்டுக் கட்டி வந்தனர். மழை பெய்தால் அதன் வயிற்றில் நீர் தேங்கும், கொசு பெருகும். ஒரு நாள் அவருடைய பேரன் அதில் ஏறி விளையாடியபோது துருப்பிடித்த ஆணி காலில் ஏறிவிட்டது. சினம் கொண்ட இளைஞர் சிலர் மண்ணெண்ணெய் ஊற்றித் தோணியைக் கொளுத்திவிட ஆயத்தமாயினர். "எங்கள் வள்ளத்துக்கும் சேர்த்துத் தீ வைக்கிறீர்களா?" என்று மீனவர் எதிர்த்து நின்றனர். ஊர்ப் பெரியவர்கள் இடைப்பட்டு, கிதாபு என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகு முடிவு செய்வோம் என்று கூறி, நமக்கு ஆள் அனுப்பினர்.

நாம் சென்று இரு தரப்பையும் கேட்டோம். "மச்சான், கடலைப் பார்க்கலாம் என்றுதான் இங்கே வீடு கட்டினேன். கதவைத் திறந்தால் மக்கிப்போன பலகைதான் தெரிகிறது" என்றார் நம் மைத்துனர். மீனவருள் முதியவர் ஒருவர், "ஹஜ்ரத், இவர் வாப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் ஆட்கள் இங்கேதான் படகு கட்டுகிறார்கள். இவருக்கு இது ஜன்னல், எங்களுக்கு இதுதான் வாசல்" என்றார். இருவர் சொல்லிலும் பொய் இல்லை. பொய் இல்லாத இரு சொற்கள் மோதும்போதுதான் தீர்ப்புக் கூறுவது கடினம். உடனே விடை கூறாமல் தவணை கேட்டு ஊர் திரும்பினோம்.

முதலில் அந்தத் தோணி அங்கு வந்து கிடந்த வரலாற்றை ஆராய்ந்தோம். அவ்வரலாறு நம் ஊரிலேயே தொடங்குகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் மண் பருத்திக்கென்றே படைக்கப்பட்டது போன்றது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் மதிப்பு ஓங்கியது. மாட்டு வண்டிகள் பொதி சுமந்து தூத்துக்குடி நோக்கி ஊர்ந்தன. 1876 ஜனவரியில் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டதும், கோவில்பட்டிப் பொதி ஒரே நாளில் கடற்கரை சேர்ந்தது. 1901இல் நம் ஊரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதற்கும் இந்தக் கரிசல் வேளாண்மையின் சிறப்பே காரணம் எனலாம்.

கரை சேர்ந்த பொதி கப்பல் சேர்வது எங்ஙனம்? அங்கேதான் தோணியின் பெருமை விளங்கும். தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே பொதி சுமந்தவை தோணிகளே. தண்டல் சுக்கான் பிடிக்க, பாய் விரித்து, அலை பார்த்துச் செல்லும் அத்தோணிகள் இல்லையேல் கரிசற் பருத்தி கரையிலேயே கிடந்து நனைந்திருக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் நேரே சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளும் உண்டு. ஆதலின் அக்கரையில் தோணி கட்டும் உரிமை என்பது தோணிக்காரர் உரிமை மட்டுமன்று. வண்டிக்காரர், கமிஷன் மண்டிக்காரர், பருத்தி எடுத்த நம் கரிசற் பெண்மணிகள் ஆகிய அனைவருடைய பிழைப்பும் அந்த ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருந்தது.

இக்கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வரலாற்றை அறியாதார் இலர். ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள் கொண்டு பத்து இலட்சம் மூலதனம் திரட்டத் திட்டமிட்ட அக்கம்பெனியில், ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஏற்றார் என்பது நம் மக்கள் மறக்கலாகாத செய்தி. 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்தன. 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார், 1911இல் கம்பெனி கலைந்தது, கப்பல்களும் கைமாறின. ஒரு கலம் அதன் உடையவர் கையை விட்டு நழுவுவதற்கு உடையவரின் சோம்பலே காரணம் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

தோணிகளுக்கும் காலம் மாறியது. 1974 ஜூலையில் தூத்துக்குடியின் புதிய ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரலில் பழைய துறைமுகமும் அதனோடு இணைந்தது. கப்பல்கள் நேரே தளத்தில் அணையலாயின. இடையே நின்று சுமந்த தோணிகளுக்கு அவ்வேலை இல்லாதாயிற்று. விசை பூட்டிக்கொண்டு மாலத்தீவு வணிகத்தில் நிலைத்தவை நிலைத்தன. பழுது பார்க்கப் பணமின்றி அயலூர்க் கரைகளில் ஏற்றி வைக்கப்பட்டவை, திரும்பவும் நீரைக் காணவில்லை. நம் மைத்துனர் வாசலில் கிடந்தது அத்தகைய ஒன்று. அதன் உடையவர் இறந்து பல்லாண்டுகள் ஆயின. மக்கள் மூவர். ஒருவர் சென்னையில், ஒருவர் கொழும்பில், மற்றவர் சென்ற இடம் தெரியவில்லை.

இனி, கரையில் கிடக்கும் கலம் யாருடையது என்னும் கேள்விக்கு வருவோம். பழங்காலத்து அரசர் பலர் இதற்கு எளிய விடை வைத்திருந்தனர்: கரையில் ஒதுங்கியது கரைக்கு உடையவனைச் சேரும். புயலில் சிதைந்து ஒதுங்கிய கப்பலின் சரக்கு முழுவதையும் அரசன் பறித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. கஹ்பு அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை), கிழ்று (அலை) வரலாற்றில், கடலில் உழைத்த ஏழைகளின் மரக்கலமும், மரக்கலங்களைப் பறித்துக்கொள்ளும் மன்னனும் இடம்பெறுவதை நாம் அறிவோம். அத்தகைய மன்னர் நம் கீழைக் கடற்கரையிலும் இருந்தனர். ஆனால் அறம் உணர்ந்த மன்னரும் இருந்தனர். காகதீய மன்னர் கணபதி தேவர் 1244-45இல் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறையில் ஒரு சாசனம் பொறித்தார். முன்னைய மன்னர்கள் புயலால் ஒதுங்கிய கலங்களைப் பறித்தனர்; நாமோ முறையான சுங்கம் மட்டுமே கொள்வோம், ஏனையது உடையவர்க்கே என்பது அதன் கருத்து. அடுத்த நூற்றாண்டில் மலையாளக் கரைக்கு வந்த இப்னு பதூதாவும் இதனையொத்த ஒன்றைக் கண்டு எழுதினார். அக்கரையின் ஏனைய இடங்களில் உடைந்த கப்பலின் பொருள் அரசின் கருவூலத்தைச் சேரும். கோழிக்கோட்டில் மட்டும் உடையவரே எடுத்துக்கொள்வர். அந்நகரின் செழிப்புக்கு அதுவே காரணம் என்கிறார். நீதியுள்ள துறைக்குத்தான் வணிகன் கலத்தைத் திருப்புவான் என்பது இதன் பொருள்.

நம் சட்ட அறிஞர்கள் இத்துறையைப் புறக்கணிக்கவில்லை. கப்பல்களை வாடகைக்கு விடுவதும் அதனால் எழும் பிணக்குகளும் பற்றி 'அக்ரியத்துஸ் ஸுஃபுன்' என்னும் தனி நூலே கிறிஸ்து சகாப்தம் பத்தாம் நூற்றாண்டில் அரபியில் தோன்றியது. உடையவன் மனமறிந்து துறந்தால் அன்றி உடைமை அழியாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. கண்டெடுத்த பொருளாயின் ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது யாவரும் அறிந்த மஸ்அலா. வியப்பு யாதெனில், இந்திய அரசின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும், உடைந்து ஒதுங்கிய கலத்தை அதற்கென அமைந்த அதிகாரியிடம் உடையவர் உரிமை கோர ஓராண்டே தவணை தந்தது. துறைமுக எல்லைக்குள் வழியை அடைக்கும் கலத்தை அகற்றவும், செலவுக்காக ஏலமிடவும் 1908ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம் அதிகாரம் அளித்தது. 2025இல் இவ்விரண்டுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. உலக நாடுகளும் 2007இல் நைரோபி நகரில் கூடி, வழியை அடைக்கும் உடைகலத்தை அகற்றும் கடமை அக்கலத்தின் உடையவர்க்கே உரியது என உடன்படிக்கை செய்தன. அது 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உரிமையும் கடமையும் ஒரே தோளில் ஏறிய இரு சுமைகள். ஒன்றை இறக்கி மற்றதை மட்டும் சுமப்பேன் என்று உடையவர் கூற முடியாது.

தோணியின் கேள்வி இவ்வாறு தெளிய, வள்ளங்களின் கேள்வி எஞ்சி நின்றது. வீட்டின் முன்னுள்ள கரையில் படகு கட்டுவதைத் தடுக்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் உண்டா? நங்கூரம் என்னும் சொல்லே பாரசீகத்து 'லங்கர்' என்பதன் திரிபு என்பர். அரபியில் நங்கூரமிடும் துறைக்கு 'மர்ஸா' என்று பெயர். நிலைபெற்று ஊன்றி நிற்றல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். ஊன்றி நிற்கும் உரிமை எதுவரை என்பதே பிணக்கு.

இப்பிணக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், நீர்முக மாளிகைகளில் வாழ்வோர் தம் ஜன்னலுக்கு எதிரே படகுகள் நங்கூரமிட்டு நிற்பதை எதிர்த்து நெடுங்காலம் போராடி வருகின்றனர். 2009இல் அம்மாநிலம், நங்கூரமிடுவதை அந்தந்த ஊராட்சிகள் தம் மனம்போல் தடுக்கலாகாது என்று சட்டம் செய்து, ஐந்து இடங்களில் மட்டும் சோதனையாக விதிகள் வகுக்க இடமளித்தது. 2016இலோ, மயாமிப் பகுதியின் சில நீர்நிலைகளில் இரவில் நங்கூரமிடுவதையே தடை செய்தது. செல்வர் வாழும் கரையின் குரல் சட்டமன்றத்தில் எளிதாகக் கேட்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் தலைநகரில் இப்பிணக்கு உயிர்களைக் குடித்தது. 1985இன் இறுதியில் சென்னை மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. தலைமுறைகளாக அம்மணலில் கட்டுமரம் ஏற்றியவர்கள் எதிர்த்தனர். டிசம்பரில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் மாண்டனர். காண்போர் கண்ணுக்கு இடையூறு என்று கருதப்பட்ட அக்கட்டுமரமே அவர்கள் வீட்டு அடுப்பு என்பதை எண்ணிப் பார்க்க அன்று அவகாசம் இல்லாது போயிற்று. பின்னர் 1991இல் மைய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டு, உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் வரம்பு விதித்தது. கரை கட்டுவோருக்கு மட்டும் உரியதன்று என்பதை நாட்டுச் சட்டமும் ஏற்றது.

ஃபிக்ஹு நூல்களில் கடலும் பேராறும் பொதுவானவை. எவரும் தமதென வேலியிட இயலாது. உரோமரின் பழைய சட்டமும் கடற்கரையைப் பொதுவென்றே கூறிற்று. பொதுவிடத்தில் ஒருவர்க்கு உரிமை எவ்வாறு பிறக்கிறது? சந்தைத் தெருவில் கடை விரிப்பவரை உவமையாகக் கொள்ளலாம். முந்தி அமர்ந்தவர்க்கு அவ்விடம் உரியது. நாளைக்கும் வருவார் எனில் அவரை அகற்றலாகாது. ஆனால் தொழிலையே விட்டுவிட்டாலோ, வாடிக்கையாளர் வேறிடம் நாடுமளவு நெடுங்காலம் வராதிருந்தாலோ அவ்வுரிமை நீங்கும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' விளக்குகிறது. தரிசு நிலத்தை உயிர்ப்பிக்க ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது நம் இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. வேண்டியதில்லை என்பது கடலோர மக்கள் பின்பற்றும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. ஆனால் எல்லை கட்டிவிட்டு மூன்றாண்டு சும்மா போட்டவனுக்கு உரிமையில்லை என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் கூறியதாக, ஹனபி அறிஞர் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் எடுத்துரைக்கிறார். பயன்படுத்துவோர்க்கே பொதுவிடம். பயன் நின்றால் உரிமையும் நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பயன் நின்றது என்று கூறுமுன், நிறுத்தியவர் யார் என்று கேட்க வேண்டும். பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை கைப்பற்றிய தமிழக மீனவரின் படகுகள் காரைநகர், கிராஞ்சி, காங்கேசன்துறை முதலிய கரைகளில் ஆண்டுக்கணக்கில் நின்று மக்கின. 2022 பிப்ரவரியில் 105 படகுகள் ஏலம் விடப்பட்டன. அவற்றின் உடையவர் கைவிட்டதால் அவை மக்கவில்லை. கடன் வாங்கிப் படகு கட்டியவர் இராமேசுவரத்திலும் நாகையிலும் கரையில் நின்று ஏங்கிக் கொண்டிருந்தார். மறுபுறம், போரினால் 1990இல் ஊரை இழந்து பல்லாண்டுகளுக்குப் பின் மீண்ட மயிலிட்டித் தமிழ் மீனவர், கைப்பற்றப்பட்ட அப்படகுகள் தம் துறையின் இடத்தை அடைப்பதாக முறையிட்டனர். இரு கரையிலும் ஏழைகள். இருவர்க்கும் இடையே ஒரு மக்கிய படகு. அதைக் கொளுத்தினால் ஒருவர் வயிறு எரியும். விட்டுவைத்தால் மற்றவர் வலை காயும். இதைப் படித்தறிந்த பின்னரே, நம் மைத்துனர் வாசலில் தீ வைக்க எழுந்த கைகளைப் பெரியவர்கள் தடுத்தது எத்துணை நல்ல செயல் என்று எண்ணினோம்.

இரண்டு வாரம் கழித்து அவ்வூர் சென்றோம். கிதாபுகளின் கருத்தைச் சொன்னோம், தலையசைத்தனர். ஆனால் அவர்கள் மனத்தில் தைத்தது நாம் சொன்ன கரிசற்காட்டு வழக்கம் ஒன்றே. நம் சிற்றூர்களில் பொதுக் களம் உண்டு. கம்போ சோளமோ அறுத்தவர் தம் முறை வந்தபோது அங்கே கதிர் அடிப்பார். களத்தை ஒட்டி வீடு கட்டியவர், தூசி பறக்கிறது என்று தடுக்க முடியாது. களம் இருப்பதைக் கண்டுதான் அவர் அங்கே கட்டினார். ஆனால் அடித்து முடித்தவர் சக்கையையும் தூசியையும் கூட்டி அள்ளிச் செல்ல வேண்டும். உடைந்த வண்டியைக் களத்தின் நடுவே போட்டுவிட்டு, இது என் முறையின் இடம் என்று எவரும் சொல்லத் துணியார். "கரையும் ஒரு களந்தான்" என்றோம். மீனவப் பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு, "அது சரிதான் ஹஜ்ரத்" என்றார்.

அதன்படி மூன்று முடிவுகள் ஆயின. ஒன்று, மக்கிய தோணியைப் பற்றிப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின்னும், மீனவர் மன்றாடும் தேவாலயத்திலும் அறிவிப்புச் செய்வது. உடையவரின் மக்களுக்குக் கடிதம் எழுதுவது. ஓராண்டு வரை எவரும் தொடாதிருப்பது. அதுவரை ஆணிகளைப் பிடுங்கி, நீர் தேங்காமல் அடிப்பலகையில் துளையிடுவது. இரண்டு, வள்ளங்கள் கட்டும் உரிமை தொடர்வது. ஆயின் வீட்டு வாசலுக்கு நேரே நடைபாதை அளவு இடம் விடுவது. மூன்று, தோணியின் விலாவே இதுவரை கட்டுத்தறியாக இருந்ததால், அது அகன்ற பின் வள்ளம் கட்ட வேறு தறி வேண்டும். அதை யார் நடுவது என்ற கேள்வி எழுந்தபோது, நம் மைத்துனர் சற்று நேரம் பேசாதிருந்து, "நானே நட்டுத் தருகிறேன்" என்றார். நாம் எந்தக் கிதாபிலும் காட்டாத விடை அது.

சென்னையில் இருந்த மகனிடமிருந்து இரு மாதத்தில் கடிதம் வந்தது. கொழும்பில் இருந்தவர் தாமதித்து இசைவு தந்தார். ஓராண்டு முடிந்த பின் பலகைகளும் இரும்பும் விலை போயின. அகற்றும் செலவு போக எஞ்சியதை மூன்று பங்காக்கினர். இருவர் பங்கு சேர வேண்டியவரைச் சேர்ந்தது. மூன்றாமவர் எங்கிருக்கிறார் என்று இன்றும் தெரியவில்லை. அவர் பங்கு, சிறு தொகைதான், ஜமாஅத்தின் கணக்கேட்டில் அமானத் என்று அவர் பெயரின் கீழ் எழுதப்பட்டுள்ளது. வாசலுக்கு எதிரே நட்ட கல்தறியில் இப்போது வள்ளங்கள் கட்டிக் கிடக்கின்றன.